தலைக் கிறிஸ்துமஸும் ஒரு காலண்டர் பெட்டியும்

சாத்தூரில் தேவஇரக்கம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸுக்கு வரும் மாப்பிள்ளை, பண்டிகைக்கு என்னென்ன சமைக்க வேண்டும் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் சொல்லி முடித்த பிறகுதான் அடுப்படியில் விறகடுப்பை மூட்டுவார்கள். மற்ற நாட்களில் அந்த வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ்தான். விறகடுப்பு நல்லது பொல்லதுக்கு மட்டும். மாப்பிள்ளை என்பவருக்கு ஆயுசில் கிடைக்கும் ஒரே அதிகாரம் இது என்பதால், பொதுவாக அவர்கள் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, மீசையை நீவியபடி, ஒவ்வொரு பண்டமாக அருளுவார்கள்.

காளீஸ்வரன் காலை நீட்டவில்லை. நடுவீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில், பரீட்சை ஹாலில் உட்கார்ந்தவனைப் போல முழங்கால் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு இருந்தான். அங்கிருந்து பார்த்தால் அடுப்படி நேராகத் தெரிந்தது. விறகடுப்பு. அதற்கு நேர் மேலே, புகை படிந்து கருத்துப்போன பரண். பரணின் விளிம்பில் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘தினசரி காலண்டர் 2009’ என்று அச்சடித்திருந்தது.

பெட்டிக்குள் காலண்டர் இல்லை. கட்டுக் கட்டாக வெடிக்கு வைக்கும் கருந்திரியும், பின்னி முடித்த சரவெடியும் இருந்தன. இது அந்த வீட்டில் காளீஸ்வரன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

காரணத்தைச் சொன்னால் அவன் யோக்கியதையும் தெரிந்துவிடும். காளீஸ்வரன் சிவகாசிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் வெடிக்குழாய்களுக்குள் மருந்து செலுத்துகிறவன். ரோஜாவை அவன் காதலித்தபோது, அவளுடைய அப்பா தேவஇரக்கம் மதம் வேறு என்பதைப் பற்றிக்கூட அவ்வளவாகப் பேசவில்லை. “சாமி வேறன்னாலும் பரவாயில்ல, வெடி வேலைக்குப் போறவனுக்கு எம் மகளக் குடுக்க மாட்டேன்” என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். நடுவீட்டுச் சுவரில் அவருடைய தம்பி செல்லச்சாமியின் படம் மாட்டியிருக்கும். வெடிக் கம்பெனி விபத்தில் போனவர். இடுப்பில் கட்டியிருந்த அரைஞாணை வைத்துத்தான் ஆள் யாரென்று கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு தேவஇரக்கமும் அதே கம்பெனியில்தான் வேறொரு ரூமில் வேலை செய்துகொண்டிருந்தார். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. ரயில்வேயில் கேட் கீப்பராகச் சேர்ந்து அதிலேயே ஓய்வும் பெற்றார்.

காளீஸ்வரன், தான் காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்ப்பதாகச் சொன்னான். ரோஜாவும் ஆமாம் என்றாள். கல்யாணம் நடந்தது. அதன் பிறகு மாமனார் வீட்டுக்கு வரும்போதெல்லாம், பஸ் ஏறுவதற்கு முன்னால் நகக்கண்களில் அச்சு மையைத் தடவிக்கொண்டு வருவான். மாமியார் தங்கத்தாய் அதைப் பார்த்து, “எம்புட்டுப் பாடு படுதாரு பாவம்” என்று கூடுதலாக ஒரு முட்டை வைப்பாள். கிறிஸ்துமஸுக்குள் நிஜமாகவே பிரஸ்ஸுக்கு மாறிவிடுவதாக ரோஜாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. சத்தியம் இன்னும் வந்தபாடில்லை.

பெட்டி வந்த கதை தனி. பண்டிகைக்கு லீவு கேட்கப் போனபோது போர்மேன் பெத்தணன் அவனை ஓரமாகக் கூப்பிட்டான்.

“ஏலே காளீஸு, ஆபீசர்மாரு செக்கிங் வாராகளாம். இருக்க வேண்டிய அளவுக்கு மேல சரக்கு இருக்கு. ஆளுக்கு ஒரு பெட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கன்னு முதலாளி சொல்லிட்டாரு. நீதான் சாத்தூர் போறேல்ல. அங்கன மாமனார் வீட்டுல ஒரு மூலையில கெடக்கட்டும். புள்ள மாதிரிதான். ஆனா இது அழாது.”

“அண்ணே, அது பண்டிகை வீடு.”

“அப்ப லீவு வேண்டாம்னு சொல்லு.”

அப்படியாக அவன் சரக்கை ஒரு காலி காலண்டர் பெட்டியில் அடைத்து, சாத்தூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். பக்கத்து சீட்டுக்காரர் பீடியை எடுத்தபோது, ஜன்னலைத் திறந்துவிட்டு, “ஐயா, எனக்கு மூச்சிரைப்பு” என்று இல்லாத நோயைச் சொன்னான். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினான். ரோஜாவுக்கு அதைப் பார்த்து ஒரே சந்தோஷம். “பரவாயில்லையே, நெசமாவே காலண்டர் வாங்கிட்டு வந்திருக்கீகளே. மூள வேல செய்யுது” என்றாள். அவன் குளித்துவிட்டு வருவதற்குள் பெட்டி கட்டிலுக்கடியில் இல்லை.

தங்கத்தாய்தான் எடுத்திருந்தாள். “மார்கழிப் பனிக்குக் காயிதம் நமுத்துப் போகும் மாப்ள. அதான் அடுப்புக்கு மேல பரண்ல வச்சிட்டேன். அங்கன கதகதப்பா இருக்கும். போன வருசம் பலகாரம் சுடயில, அங்க வச்சிருந்த மெழுகுவத்திக்கட்டு அப்படியே உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிருச்சுன்னா பாத்துக்கோங்களேன்.”

காளீஸ்வரன் பார்த்துக்கொண்டான். அன்றிலிருந்து வேறு எதையும் பார்க்கவில்லை. பெட்டியை இறக்க இரண்டு தடவை அடுப்படிக்குப் போனான். முதல் தடவை தங்கத்தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவையும் அவளேதான் இருந்தாள், “பசிக்குதா மாப்ள?” என்று ஒரு கிண்ணம் மிக்சரைக் கையில் கொடுத்து அனுப்பினாள். ராத்திரி அவள் படுப்பதும் அங்கேதான்.

இப்போது பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம். எல்லாரும் கூடிவிட்டார்கள். தேவஇரக்கம் நாற்காலியில். தங்கத்தாய் மடியில் முறத்தோடு தரையில். ரோஜா கதவில் சாய்ந்தபடி. விருதுநகரிலிருந்து வந்திருந்த ஜெபமணி, ரோஜாவின் அக்காள் புருஷன், காளீஸ்வரனுக்குச் சகலை; மண்டியில் கணக்குப் பார்க்கிறவர், வாய் கொஞ்சம் நீளம். அடுப்பில் விறகு அடுக்கித் தயாராக இருந்தது. மேலே வத்திப்பெட்டி.

“சொல்லுங்க மாப்ள” என்றார் தேவஇரக்கம். “மொதல்ல பலகாரம். இன்னைக்கே சுடணும். அச்சுமுறுக்கா, முந்திரிக்கொத்தா?”

“மாமா, எண்ணெய்ப் பலகாரம் உடம்புக்கு நல்லதில்லேன்னு சொல்றாக” என்றான் காளீஸ்வரன்.

“யாரு சொல்றா?”

“பொதுவா சொல்றாக.”

ஜெபமணி சிரித்தார். “சகலபாடி, நம்ம ஊர்ல சாவு வீட்டுலயே எண்ணெய்ச் சட்டி வைக்கான். நீங்க கிறிஸ்துமஸுக்கு வேண்டாங்கீக.”

“இல்லண்ணே, சாத்தூர்லயே இருந்துக்கிட்டு சேவு வீட்டுல சுடுவாகளா? கடையில வாங்கிக்குவோம். சீரணி மிட்டாய் வாங்கிக்குவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா நான் போய் வாங்கிட்டு வாரேன்.”

“சரி” என்றாள் தங்கத்தாய். முகத்தில் மலர்ச்சி ஒரு சுற்றுக் குறைந்தது. “பலகாரம் கடையில. மத்தியானத்துக்கு? ஆட்டுக்கறி பிரியாணி போட்டுருவோமா? பெரிய தேக்சாவ வெளக்கி வச்சிருக்கேன்.”

பெரிய தேக்சா என்றால் மூன்று மணி நேரத் தீ. காளீஸ்வரன் மனசுக்குள் பரணின் பலகை சூடேறிற்று, அட்டை சூடேறிற்று, அட்டைக்குள் சுற்றிய காகிதம் சூடேறிற்று. திரிக்கு நெருப்பே வேண்டியதில்லை. நல்ல சூடு போதும் என்று சிலர் சொல்வார்கள். சொன்னவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை.

“பிரியாணி எல்லா வீட்டுலயும் போடுவாக அத்தே” என்றான். “நாம வித்தியாசமா விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா வாங்கிருவோம். ஜெபமணி அண்ணனுக்குக் கடை தெரியும்.”

“தலைக் கிறிஸ்துமஸுக்குப் பரோட்டாப் பார்சலா?” ஜெபமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான் தெனமும் ராத்திரி திங்கதே அதுதான்யா. அத விட்டுட்டு இங்கன நல்ல சோறு திங்கலாம்னு பஸ் ஏறி வந்தா, அதையே எங்கிட்ட வாங்கிட்டு வரச் சொல்றீக.”

“கோழிக்குழம்பு?” என்றாள் தங்கத்தாய்.

“வெயிலுக்குக் கோழி சூடு அத்தே.”

“மார்கழி மாசம் மாப்ள.”

“தேங்காய்ப்பால் சோறாவது?” என்றார் தேவஇரக்கம்.

“வெள்ளரிக்காய் நல்லா இருக்கும் மாமா. சாத்தூர் வெள்ளரிக்காய்க்கு ஈடு உண்டா? உப்பு, மொளகாய்ப் பொடி தடவி…”

கிறிஸ்து பிறப்புக்கு வெள்ளரிக்காய் வைத்துக் கும்பிட்ட குடும்பம் அந்த வட்டாரத்தில் அதுவரை இல்லை. தங்கத்தாய் முறத்தைக் கீழே வைத்தாள். அவள் பேசியபோது குரல் சின்னதாக இருந்தது.

“எங்க அடுப்புல வச்சது ஒங்களுக்கு ஆகாதோ மாப்ள? அப்படின்னா மறைக்க வேண்டாம், நேராச் சொல்லிருங்க. கல்யாணத்துக்கு முன்னாலயே உங்க ஆத்தா எங்க வீட்டுல தண்ணி குடிக்க யோசிச்சாக. நீங்க அப்படி இல்லேன்னு நெனச்சேன்.”

“ஐயோ அத்தே, அப்படில்லாம்…”

“ஒண்ணு விடாம எல்லாத்தையும் கடையில வாங்கச் சொல்றீக. கடைக்காரன் அடுப்பு ஆகும், எங்க அடுப்பு ஆகாது. அப்ப வேற என்னன்னு நெனைக்க?”

ரோஜா அவன் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப் போனாள். வாசலில் தொங்கிய காகித நட்சத்திரத்தின் சிவப்பு வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்திருந்தது.

“எங்கம்மா மூஞ்சியப் பாத்தீகளா?”

“ரோஜா, நான் ஒண்ணு சொல்லணும்.”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உள்ள போயி, பிரியாணி வைங்கத்தேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இல்லேன்னா நானே போயி அடுப்பப் பத்த வைப்பேன்.”

“வைக்காத.”

அவன் சொன்ன விதத்தில் அவள் ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாள். அதற்குள் ஜெபமணி கதவுக்கு வெளியே தலையை நீட்டி, “சகலபாடி, வெள்ளரிக்காய்க்கு மேல வேற என்ன? கொய்யாக்காய் உண்டுமா?” என்றார். பேச்சு அறுந்தது.

திரும்ப வந்து உட்கார்ந்தபோது காளீஸ்வரனுக்கு ஒரு வழி தோன்றியது. அவனுக்குத் தோன்றிய வழிகள் எல்லாம் இதுவரை எங்கே கொண்டுபோய் விட்டன என்பதை அவன் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

“மாமா, மறந்தே போயிட்டேன். அந்தக் காலண்டர்ல ஒரு தப்பு இருக்கு. பிரஸ்ல திருப்பிக் கேட்டாக. நான் இப்பவே எடுத்துட்டுப் போயி பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆள்கிட்டக் குடுத்துட்டு வந்துருதேன். வந்து மெனு பேசுவோம்.”

“என்ன தப்பு?”

“டிசம்பர் இருபத்தஞ்சு… செவப்புல அடிக்காம கருப்புல அடிச்சிட்டாக.”

வேறு எந்தத் தேதியைச் சொல்லியிருந்தாலும் தேவஇரக்கம் விட்டிருப்பார். “ஆண்டவர் பொறந்த நாளக் கருப்புலயா?” என்று எழுந்துவிட்டார். “ஜெபமணி, அந்தப் பெட்டிய எறக்குங்க. நான் பாக்கணும். நாளைக்குச் சபையில குடுக்கலாம்னு பாஸ்டர்கிட்டச் சொல்லிருக்கேன்.”

“நான் எறக்குதேன்” என்று காளீஸ்வரன் பாய்ந்தான்.

கரண்ட் போயிற்று. அந்த வருஷம் சாயங்காலமானால் போகும். தெரு முழுக்க ஒரே இருட்டு. அவன் கால் முறத்தில் இடறி, அரிசி சிதறி, முழங்காலிட்டு விழுந்தான். இருட்டில் தட்டுத் தடுமாறி எழுந்தபோது அடுப்படியில் வெளிச்சம் தெரிந்தது.

ஜெபமணி முக்காலியின் மேல் ஏறி நின்றிருந்தார். இடது கையில் சபை மெழுகுவத்தி, நல்ல தடிமன். வலது கை பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தது. மெழுகுவத்தி சாய்ந்திருந்தது. ஒரு சொட்டு மெழுகு அட்டையில் விழுந்து உறைந்தது.

“அண்ணே, மெழுகுவத்திய அங்கிட்டுக் கொண்டுபோங்க.”

“வெளிச்சம் இல்லாம தேதி எப்படித் தெரியும்?”

“அண்ணே, அது காலண்டர் இல்ல.”

“பின்ன?”

இன்னொரு சொட்டு விழுந்தது.

“வெடி” என்றான் காளீஸ்வரன். “சரவெடி. கருந்திரி. கம்பெனிச் சரக்கு. நான் பிரஸ்ல இல்ல.”

ஜெபமணி அசையவில்லை. அசைய முடியவில்லை. மெழுகுவத்தி மட்டும் நடுங்கியது. சுடரும் நடுங்கியது, பரணின் மேல் பெட்டியின் நிழல் பெரிதாகிச் சின்னதாகிற்று. அவர் உதடு குவிந்தது.

“ஊதாதீக” என்றார் தேவஇரக்கம்.

எங்கிருந்து வந்தாரென்று தெரியவில்லை. முக்காலி அருகில் நின்றிருந்தார். குரலில் அவசரமே இல்லை. “ஊதுனா திரியில இருக்க பொறி பறக்கும். கைய அப்படியே வெளிய நீட்டுங்க. பெட்டியப் பாக்காதீக, என்னையப் பாருங்க. ஆங். இன்னுங் கொஞ்சம்.”

மெழுகுவத்தியை வாங்கிக்கொண்டார். சுடரைச் சுற்றி உள்ளங்கையைக் குவித்தபடி, அடி மேல் அடி வைத்து அடுப்படியைக் கடந்தார், நடுவீட்டைக் கடந்தார், தம்பியின் படத்தைக் கடந்தார். படத்தின் கண்ணாடியில் சுடர் ஒரு தடவை மின்னிற்று. தெருவுக்குப் போய், வாசலில் இருந்த தண்ணீர் வாளிக்குள் விட்டார். சுர் என்ற சத்தம் அடுப்படிவரை கேட்டது.

“எல்லாரும் தெருவுக்குப் போங்க” என்று இருட்டில் தேவஇரக்கத்தின் குரல் வந்தது. “ரோஜா, அம்மாவக் கூட்டிட்டுப் போ.” பிறகு, “நீ இரு.”

நீ. மாப்ள இல்லை, ங்க இல்லை. அடுப்படி இருட்டைவிட அந்த ஒரு எழுத்துக்குத்தான் காளீஸ்வரன் அதிகமாகப் பயந்தான்.

“செருப்பு போட்டிருக்கியா? ஆணி ஒரசுனாப் பொறி வரும்.”

“இல்ல மாமா.”

“எறக்கு. ஒரசாம எறக்கு.”

இருவருமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கச் சந்து வழியாக வைப்பாற்றுக்கு நடந்தார்கள். ஆற்றுப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு சரமாக எடுத்துத் தண்ணீருக்குள் அமுக்கினார்கள். சரம் ஊறிக் கனத்து அமுங்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை. அந்தக் கைக்கு வேலை மறக்கவில்லை என்பது இருட்டிலும் தெரிந்தது.

“நகத்துல மை?”

“தடவுனது மாமா.”

“ரோஜாவுக்குத் தெரியுமா?”

காளீஸ்வரன் அடுத்த சரத்தை எடுத்துத் தண்ணீருக்குள் அமுக்கினான். பொய் சொல்ல இனி இடமில்லை. உண்மையைச் சொன்னால் அவளும் மாட்டுவாள். அதிலேயே அவர் தெரிந்துகொண்டார்.

“போர்மேன் பெட்டி கேப்பான்” என்றான் கடைசியில்.

“எங்கிட்ட அனுப்பு.” கையை வேட்டியில் துடைத்தார். “நாளைக்குப் பண்டிகை. பண்டிகையக் கெடுக்க மாட்டேன். சாப்பிடு. சாப்பிட்டு முடிச்சதும் நீ மட்டும் பஸ் ஏறு. எந்தம்பி படத்துக்குக் கீழ ஒரு ஆணி இருக்கு பாத்தியா? காலண்டர் ஆணி. நீ வேல செஞ்சு, நீ அச்சடிச்ச காலண்டர் ஒண்ணக் கொண்டாந்து அதுல மாட்டு. அன்னைக்கு அவளக் கூட்டிட்டுப் போ.”

“எப்ப முடியுமோ தெரியலையே மாமா.”

“அதுவரைக்கும் ஆணி இருக்கும்.”

திரும்பி வந்தபோது கரண்ட் வந்திருந்தது. தங்கத்தாயும் ரோஜாவும் ஜெபமணியும் தெருவில் நின்றிருந்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் பாடி வரும் கீத பவனிக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்து அக்கம்பக்கத்தாரும் வந்து வரிசையாக நின்றிருந்தார்கள். ஒரு அம்மாள் காணிக்கைத் தாம்பாளத்தோடு வந்திருந்தாள்.

உள்ளே போனதும் தேவஇரக்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். “வழக்கத்த விடக் கூடாது. இன்னும் மெனு முடிவாகல. கேளு தங்கத்தாய்.”

தங்கத்தாய் கேட்கவில்லை. காளீஸ்வரனைப் பார்த்தாள், பரணைப் பார்த்தாள். “இதுக்கா வெள்ளரிக்காய்ன்னீக?” என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எங்க அடுப்பு ஆகாதுன்னு நெனச்சிட்டேன்” என்றாள்.

“எல்லாம் வைங்கத்தே” என்றான் அவன். “அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து, பிரியாணி, கோழி, தேங்காய்ப்பால் சோறு. எல்லாம்.”

“நீங்களே அடுப்பப் பத்த வைங்க” என்று வத்திப்பெட்டியை அவன் கையில் வைத்தாள்.

முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது பற்றி அணைந்தது. மேலே பரண் காலியாக இருந்தது. அது தெரிந்தும் அவன் மேலே பார்த்துக்கொண்டேதான் அடுத்த குச்சியைக் கிழித்தான்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்து பந்தி உட்கார்ந்தார்கள். ஜெபமணி இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார். மற்றவர்கள் எழுந்து கை கழுவினார்கள். காளீஸ்வரன் எழவில்லை. அவன் பை வாசல் பக்கம் தயாராக இருந்தது. அதில் அவனுடைய சட்டைகள் மட்டும். எதிரே சுவரில் செல்லச்சாமி இருந்தார். கீழே ஆணி இருந்தது.

ரோஜா கரண்டியோடு வந்து நின்றாள். கண் இமை வீங்கியிருந்தது.

“இன்னும் வைக்கட்டா?”

“வையி.”

வைத்தாள். அவன் ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டான். இலை காலியாகும்போதெல்லாம் பயம் வந்தது.

“குழம்பு?”

“ஊத்து.”

“தேங்காய்ப்பால் சோறு இன்னும் இருக்கு.”

“அதையும் கொண்டா.”

தேவஇரக்கம் நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறாரா இல்லையா என்று தெரியவில்லை. “மெதுவாச் சாப்பிடச் சொல்லு” என்றார் கண்ணைத் திறக்காமல். “பஸ்ஸு நெறைய இருக்கு.”

ரோஜா அடுப்படிக்குப் போய், பிரியாணித் தேக்சாவையே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தாள்.